நைட்ரஜன் ஏறாதவன்

கிராபீன் என்ற மெல்லிய கரித் தகட்டை நைட்ரஜன் பிளாஸ்மாவில் காட்டினால் நைட்ரஜன் அதில் ஏற வேண்டும். அந்த ஆய்வகத்தில் எல்லாருடைய தகட்டிலும் ஏறியது. கிளிப் என்று எல்லாரும் கூப்பிடுகிறவனுக்கு மட்டும் ஏறுவேனா என்றது.

மற்றவர்கள் தகட்டை மஞ்சள் டேப்பால் தட்டில் ஒட்டி அளக்க அனுப்புவார்கள். டேப் ஒட்டினால் தகடு பாழாகும் என்று அவன் மட்டும் கிளிப் மாட்டி அனுப்புவான். அதனால் வந்த பேர்.

அவன் பையோடு வந்து நின்றபோது ஆய்வகத் தலைவி தன் தகட்டை அனுப்பத் தட்டில் டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"கிளம்புறேன், மேடம். சத்தியமா ஒழுங்காத்தான் செஞ்சேன்."

"எல்லாருக்கும் வந்தது உனக்கு மட்டும் ஏன் வரலை? ஏனோதானோன்னு வேலை பார்த்தா இப்படித்தான். உன்னை வேலையை விட்டு அனுப்பணும்னு எனக்கு ஆசையா?"

"வீட்டுல இன்னும் சொல்லலை, மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

அவளுக்கு மனசே சரியில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, தட்டை மூடி அளவீட்டு அறைக்கு அனுப்பினாள்.

மதியம் அங்கிருந்து ஆபரேட்டர் போன் செய்தார்.

"மேடம், பிரமாதம்! இவ்வளவு நைட்ரஜன் இதுவரைக்கும் எதுலயுமே வந்ததில்லை. அசத்திட்டீங்க போங்க!"

அப்பாடா என்று நிமிர்ந்தவள், குறித்துக்கொள்ளப் பேனாவைத் தேடினாள். தேடிய கை பாதியில் நின்றது.

நகக்கண் அளவுக் கறுப்புத் தகடு மேசைமேலேயே கிடந்தது. அவன் வந்த நேரத்தில் கீழே வைத்தவள், ஒட்டவே மறந்துவிட்டிருந்தாள்.

"மேடம்? லைன்ல இருக்கீங்களா?"

தட்டில் போனது வெறும் மஞ்சள் டேப்.