நாய்க்குப் பணி ஓய்வு விழா

எண்ணூர் சாலையோரக் கண்டெய்னர் யார்டின் வாசலில் சிவப்புக் கம்பளம் வெயிலில் பளபளக்கிறது. வெடிகுண்டு மோப்பம் பிடித்த ராணி என்கிற நாய்க்கு இன்று பணி ஓய்வு. கழுத்தில் சாமந்தி மாலை, எதிரே கேக். காலை ஆறு மணியிலிருந்து கேட்டைப் பிடித்து நிற்கும் செக்யூரிட்டி எத்திராஜின் கண் அந்த மாலையை விட்டு வர மாட்டேனென்கிறது. போரில் போன காலுக்குப் பதிலாக மாட்டிய செயற்கைக் கால் முட்டிக்குக் கீழே அறுக்கிறது. "ராணிய வூட்டுக்கு இட்டுனு போவ மூணு பேரு சண்ட போட்டுக்குறாங்க நைனா," என்கிறாள் வாசல் பெருக்கும் மல்லேஸ்வரி. "நீ மிலிட்டிரிய வுட்டு வரசொல்ல இன்னா செஞ்சாங்க?" "சென்ட்ரல்ல எறங்கி பஸ்ஸு புட்ச்சேன்." கைதட்டல் எழுகிறது. நாயைப் பழக்கியவர் குனிந்து அதன் காதைத் தடவுகிறார். "உக்காரு ராணி. நின்னது போதும்." நாய் உட்காருகிறது. எத்திராஜின் கேட்டருகே நாற்காலி கிடையாது.