காய்ந்த ரவை

மிருதங்கத்தின் இடது பக்கத்தில் ஒட்டிக் காய்ந்திருந்த ரவையைப் பார்த்ததும் சிற்றெறும்புக்கு நாக்கில் எச்சில் ஊறியது.

"அண்ணே, இதை எடுத்துக்கட்டுமா? கச்சேரிக்கு முன்னால சத்தம் கனமா வரணும்னு குழைச்சு அப்புவாங்க, முடிஞ்சதும் சுரண்டிப் போட்டுடுவாங்கதானே?"

"தொடாதே. கச்சேரி இன்னும் முடியல," என்றது மிருதங்கம்.

"என்னண்ணே சொல்றீங்க? உங்களை வாசிச்ச செழியன் போய் எட்டு மாசம் ஆச்சு. இருபத்தாறு வயசு. படத்துக்கு மாலையும் போட்டாச்சு."

"மேடையில பாதியிலேயே சாஞ்சுட்டான். பாட்டு நின்னு நாங்க மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனம் பாக்கி இருக்கு."

எறும்பு ரவைமேல் ஏறிப் பார்த்தது. நடுவில் ஒரு கட்டைவிரல் அழுத்திய பள்ளம் இருந்தது. அது அந்தப் பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு கீழே இறங்கியது.

பின்னால் வரிசையாக வந்த எறும்புகள், "என்ன, ரவை இருக்கா?" என்று கேட்டன.

"சத்தம் போடாதீங்க," என்றது எறும்பு. "கச்சேரி நடக்குது."