கை பிரேக் பிடிக்காத கார்

கை பிரேக் பிடிக்காது என்பதை இஸ்ஸதீன் முதலாளி மறைக்கவில்லை.

“நாம பொய் சொல்லி விக்கிறதில்ல, டிரைவர். எஞ்சின் சிங்கம். கை பிரேக் மட்டும்தான் சொன்ன பேச்சு கேக்காது. ஏத்தத்துல நிப்பாட்டினா கால பிரேக்குல இருந்து எடுக்கக் கூடாது. அதுக்குத்தானே வெலயக் கொறச்சேன்?”

சிவசாமிக்குக் கோபம் வரவில்லை. கும்பிடத்தான் தோன்றியது. காலையிலிருந்து ஹட்டனில் பழைய கார் விற்பவர்களில் உண்மை பேசிய ஒரே ஆள் இவர்தான்.

முதல் கடையில் “துரை எங்கே?” என்று இவன் முதுகுக்குப் பின்னால் தேடினார்கள். வாங்க வந்தது நான்தான் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

அடுத்த கடையில் ஒரு புண்ணியவான் கியர் பெட்டிக்குள் மரத்தூளைப் போட்டுச் சத்தத்தை அமுக்கி வைத்திருந்தான். காலமெல்லாம் தேயிலைத் தோட்டத்து லாரி ஓட்டியவனிடமே அந்த விளையாட்டு! இன்னொரு இடத்தில் வாசலைத் தாண்டவே விடவில்லை.

போதும் போதும் என்றாகிவிட்டது மனுஷனுக்கு.

அவன் பெண்டாட்டி நாகலெட்சுமி, கடை வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள். கால் வீங்கியிருந்தது.

“பணத்த எடுத்துப் போடுங்க. இதுக்கு மேல என்னால ஒரு கடை ஏற முடியாது” என்றாள்.

எடுத்துப் போட்டான். அவளுடைய அட்டியல், வளையல், இவன் லாரி ஓட்டிச் சேர்த்தது எல்லாம் அந்தக் கறுப்புக் காருக்குள் போய்விட்டன. தோட்டத்து வேலையையும் விட்டாயிற்று. வேலையை விட்டால் தோட்டம் குடியிருக்கக் கொடுத்த லயத்துக் காம்பராவையும் விட வேண்டும். சட்டி பானையை ஏற்றிக்கொண்டு மஸ்கெலியாவில் பார்த்து வைத்த அறைக்குப் போக வேண்டியதுதான். நாளையிலிருந்து இந்தக் கார் வாடகைக்கு ஓடினால் சோறு, நின்றால் பட்டினி.

இத்தனை பேயாட்டம் எதற்கு என்கிறீர்களா?

அந்தத் தோட்டத்து ரோட்டில், தோட்டத்தை ஆளும் துரையின் கார் வந்தால் லாரியை ஓரம் கட்ட வேண்டும். டிரைவர் இறங்க வேண்டும். தலைத்துண்டை எடுத்துவிட்டு, கார் கடந்து போகும்வரை குனிந்து நிற்க வேண்டும். மழையோ வெயிலோ, யாருக்குக் கவலை?

போன மாதம் காய்ச்சலோடு கொட்டும் மழையில் அப்படி நின்றவன், அங்கேயே விழுந்துவிட்டான். துரையின் கார் நிற்காமல் அவன் காலோரமாகத் தாண்டிப் போனது. கண் விழித்ததும் நாகலெட்சுமியிடம் சொன்ன முதல் வார்த்தை, “சொந்தமா ஒரு காரு வாங்கணும், புள்ள. இனி எவனுக்கும் எறங்க மாட்டேன்.”

அவள் கழுத்து அட்டியலைக் கழற்றி அவன் கையில் வைத்தாள்.

இப்போது அவள் முன்சீட்டில் உட்கார்ந்து, கிழிந்த மெத்தையைத் தடவிப் பார்த்தாள்.

“நான் துரைசானி மாதிரி இருக்கேனா, இல்லையா?”

“துரைசானிக்கு இம்புட்டு வாய் கெடையாது” என்றான் சிவசாமி. அன்றைக்கு அவன் சிரித்தது அப்போதுதான்.

சட்டி பானையை எடுக்கத் தோட்டத்து ரோட்டுக்குள் திரும்பினார்கள். தூறல் விழுந்தது. கார் முனகிக்கொண்டே ஏறியது. நல்ல எஞ்சின்தான், முதலாளி சொன்னது பொய்யில்லை.

ஃபெக்டரிக்குக் கீழே, ஏற்றம் செங்குத்தாகும் வளைவில், மேலேயிருந்து துரையின் சாம்பல் நிறக் கார் வந்தது. பின்சீட்டு ஜன்னலில் வெள்ளைக் கோட்டு தெரிந்தது.

அப்புறம் நடந்ததை அவன் யோசித்துச் செய்தான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

காரை ஓரம் கட்டினான். கை பிரேக்கை இழுத்தான். இறங்கினான். தலைத்துண்டை உருவிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்தான்.

நாகலெட்சுமி அவனுக்கு முன்னாலேயே இறங்கி, முக்காட்டைத் தள்ளிவிட்டு நின்றிருந்தாள்.

லாரியாக இருந்தால் கிளீனர் மூக்கன் குதித்துச் சக்கரத்துக்குக் கட்டை போட்டிருப்பான். இங்கே யார் இருக்கிறார்கள்?

முதுகுக்குப் பின்னால் சரளைக்கல் நெரியும் சத்தம் கேட்டது.

சிவசாமி திரும்பினான். கார் அவசரமில்லாமல் பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ஓடிப்போய்க் கதவைப் பிடித்தான். அது அவனைக் கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போய்ச் சேற்றில் தள்ளியது. ரோட்டின் விளிம்பைத் தாண்டியது. தேயிலைச் செடிகள் முறிந்தன. பிறகு, கீழே ஆற்றுப் பாறையில் மோதும் சத்தம்.

“ஐயோ, போச்சே! எல்லாம் போச்சே!” நாகலெட்சுமி வயிற்றில் அடித்துக்கொண்டாள்.

துரையின் கார் பக்கத்தில் வந்து நின்றது.

சிவசாமி எழுந்தான். கீழே எட்டிப் பார்க்கவில்லை. சேறு வழிய வழிய ரோட்டோரத்துக்கு வந்து, விழுந்து கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்து, பின்சீட்டு ஜன்னலைப் பார்த்துக் குனிந்தான்.

“சலாமுங்க, தொரை.”

துரையின் டிரைவர் அழகுமுத்து பதறிக்கொண்டு இறங்கி ஓடி வந்து அவன் தோளைப் பிடித்தான்.

“அண்ணே, யாருக்குண்ணே சலாம் போடுறீங்க? தொரை விடியவே கொழும்பு ரயில் ஏறிட்டாரு. அது சலவைக்குக் கொண்டுபோற கோட்டுண்ணே.”