புது வண்டியின் அடியில்

“நாலு மாசம்கூட ஆகல, மூணாவது தடவையா ஒழுகுது! நான் வாங்கினது பிக்கப் வண்டியா, எண்ணெய்ச் செக்கா?”

நர்சரிக்காரர் போட்ட சத்தத்தில், ஷோரூமில் வண்டி பார்க்க வந்திருந்த ஒரு குடும்பம் மெதுவாக வாசல் பக்கம் நகர்ந்தது.

சர்வீஸ் மேனேஜர் பதறிக்கொண்டு ஓடிவந்தார். “சார், உள்ளே வாங்க, ஏசில உட்கார்ந்து பேசலாம்.”

“எதுக்கு உள்ளே? நாலு பேர் கேட்கட்டும். போன தடவையும் உள்ளே உட்கார வச்சு, காபியைக் கொடுத்துத்தான் அனுப்பினீங்க. காலையில பார்த்தா தரையில தட்டு அகலத்துக்கு ஆயில்!”

அவர் சொன்னதில் பொய் இல்லை. மலை மேல் இருக்கிற தோட்டங்களுக்குச் செடி ஏற்றிப் போகிற தொழில். அதற்காகவே நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியாகப் பார்த்து வாங்கினார். நாலு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸ் என்கிற பெட்டிதான் ஒழுகிக்கொண்டிருந்தது. எண்ணெய் வற்றிப் பாதி ஏற்றத்தில் அது இறுகிப்போனால், வண்டி பள்ளத்தில்தான்.

“ரெண்டு தடவையும் ஆயில் ஒழுகாம அடைக்கிற சீலை மாத்தினோமே சார்,” என்றார் மேனேஜர்.

“மாத்தின லட்சணம்தான் தரையில தெரியுதே! யார் மாத்தினது? கூப்பிடுங்க அந்த ஆளை.”

மெக்கானிக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்து நின்றார். ஐம்பதை நெருங்குகிற வயது.

“ஏன்யா, ஒரு சீல் ஒழுங்கா மாட்டத் தெரியாதா உனக்கு?”

மெக்கானிக் முதலில் மேனேஜரைப் பார்த்தார். அப்புறம் இவரைப் பார்த்தார். “சார்... அது சீல்ல இல்ல சார்...”

“பேசாதே! சீல்ல இல்லன்னா, நானே ஊத்தி வச்சுட்டு வந்து கத்துறேனா?”

“இல்ல சார், ஒரு நிமிஷம் கீழே வந்து பார்த்தீங்கன்னா...”

“உன் வேலையையும் நானே பார்த்துட்டா உனக்கு எதுக்கய்யா சம்பளம்?”

“விடுங்களேன், பாவம்,” என்று கூட வந்திருந்த மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“நீ சும்மா இரு! தினம் பக்கத்துல உட்கார்ந்து வர்றவ நீ. உன் உயிருக்காகத்தான் தொண்டை கிழியக் கத்திக்கிட்டு இருக்கேன்.”

“நீ போப்பா, நான் பேசிக்கிறேன்,” என்று மேனேஜர் மெக்கானிக்கை விரட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “உண்மையைச் சொல்றேன் சார். வண்டி தங்கம். ஆள்தான் சரியில்ல. ரொம்ப நாளா எனக்கும் தலைவலி. ஆனா நானா ஒண்ணும் செய்ய முடியாது. நீங்க எழுத்துல கொடுத்தா, இன்னைக்கே முடிச்சிடுறேன்.”

“பேப்பரைக் கொடுங்க.”

அரைப் பக்கம் போதும் என்றார் மேனேஜர். நர்சரிக்காரர் ஒன்றரைப் பக்கம் எழுதினார். ‘பொறுப்பின்மை’ என்ற வார்த்தைக்குக் கீழே இரண்டு கோடு வேறு.

மெக்கானிக் திரும்பி வந்து மேஜை ஓரம் நின்றார். “சார், இதைக் கொடுத்தா என் வேலை போயிடும். இந்த வயசுல வேற எங்கேயும் எடுக்க மாட்டாங்க சார்.”

“சீல் மாட்டும்போது யோசிச்சிருக்கணும் அதை.”

கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டுக் கொடுத்து, வண்டியையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தார்.

மறுநாள் வண்டி கழுவித் துடைத்துத் தயாராக நின்றது. “சீல் மறுபடி புதுசு சார். அந்த ஆளையும் அனுப்பியாச்சு,” என்று மேனேஜர் சாவியை இரண்டு கையாலும் நீட்டினார். நர்சரிக்காரருக்கு ஒரு சுற்றுப் பெருத்த மாதிரி இருந்தது. வீடு வரைக்கும், தட்டிக் கேட்டால்தான் இந்தக் காலத்தில் எதுவும் நடக்கும் என்று மனைவிக்குப் பாடம் எடுத்துக்கொண்டே ஓட்டினார்.

மூன்றாம் நாள் காலையில் தரையில் மறுபடியும் ஆயில்.

இந்த முறை ஷோரூம் பக்கமே போகவில்லை. தெருமுனைப் பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தினார். பட்டறைக்காரர் வண்டியை உயரத் தூக்கி, அடியில் போய் டார்ச் அடித்தார்.

“என்னங்க, சீல்தானே?”

“சீல் அருமையா மாட்டியிருக்கு சார். பெட்டியிலேயே விரிசல். காசு வாங்காம பெட்டியையே மாத்தித் தர வேண்டியது அவங்க பொறுப்பு. அவங்களுக்கும் முதல் தடவையே தெரிஞ்சிருக்கு.”

“அது எப்படி உங்களுக்குத் தெரியும்?”

“பார்த்த மெக்கானிக் எழுதியே வச்சிருக்காரே, வாங்க.”

நர்சரிக்காரர் முதல் முறையாகத் தன் வண்டியின் அடியில் போய் நின்றார். மேனேஜர்கள் எட்டிப் பார்க்காத இடம். மயிரிழை விரிசல் ஒன்று, அதைச் சுற்றி வெள்ளை மார்க்கரில் ஒரு வட்டம். பக்கத்து இரும்புச் சட்டத்தில், தேதி போட்டுப் பொடி எழுத்தில் சில வரிகள்.

“கண்ணாடி எடுத்துட்டு வரல, நீங்களே படிங்க,” என்றார்.

பட்டறைக்காரர் டார்ச்சைத் திருப்பினார். “முதல் ரெண்டு தேதிக்கும் ஒரே விஷயம்தான் சார். ‘சீல் அல்ல, விரிசல். மேனேஜரிடம் சொன்னேன். ரிப்போர்ட்டில் எழுதக் கூடாது என்கிறார்.’”

“மூணாவது?”

“இது போன திங்கட்கிழமை.”

புகார் எழுதிக் கொடுத்த நாள்.

பட்டறைக்காரர் நிறுத்தி நிறுத்திப் படித்தார்: “‘நாளை முதல் நான் இங்கே இல்லை. அடுத்து இந்த வண்டியைத் தூக்கிப் பார்க்கிறவர் ஓனரிடம் கட்டாயம் சொல்லிவிடவும். மலைப் பாதையில் ஏற்ற வேண்டாம். தினமும் அவர் மனைவியும் கூட உட்கார்ந்து போகிறார்.’”