பக்கத்து இருக்கை

ஸ்ரீரங்கத்து வீட்டுக் கூடத்தில் பாதி இந்தியா விரிந்து கிடக்கிறது. விசிறிக் காற்றில் வரைபடம் எழும்பாமலிருக்க மூலைக்கு ஒரு டம்ளர். மாலை வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை அரபிக்கடல் மேல் போடுகிறது. திருச்சியிலிருந்து கட்ச் வரை பென்சிலால் இழுத்த நீளக் கோட்டையே மரகதவல்லி பார்த்துக்கொண்டிருக்கிறாள். பறக்க அனுமதிக்காக அலைந்த அலைச்சல் அவள் கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடக்கிறது. அவள் ஓட்டப்போவது இரண்டே பேர் உட்காரக்கூடிய குட்டி விமானம். பக்கத்து இருக்கை கணவர் சாரங்கபாணிக்கு. அவர் பையை மாட்டிக்கொண்டு எடை மெஷினில் நிற்கிறார். பையிலிருந்து கம்பளியை எடுத்தாயிற்று, கேமராவையும் எடுத்தாயிற்று. அப்படியும் முள் போதுமான அளவு இறங்கவில்லை. டேங்க் நிறையப் பெட்ரோலோடு இவ்வளவு எடையை விமானம் தூக்காது.

“நான் ரயில்ல வந்துடறேன் மரகதம். நீ இறங்கற ஊர்லயெல்லாம் முன்னாடியே போய் நிக்கறேன்.” சிரிக்கப் பார்க்கிறார், வரவில்லை.

“ரயில்ல போறதுக்கா இவ்வளவு அலைஞ்சோம்? இறங்குங்கோ. பெட்ரோலைக் குறைச்சுக்கலாம்.”

“அப்போ விமானம் அவ்வளவு தூரம் பறக்காதே?”

“பறக்காது. அடிக்கடி இறங்கணும். எல்லா இடத்துக்கும் மறுபடி பர்மிஷன் கேக்கணும்.”

அவர் முழங்காலைப் பிடித்தபடி அவளருகே உட்கார்கிறார். அவள் கோடு முழுவதையும் அழிக்கிறாள். ரப்பர் துகள்கள் விசிறிக் காற்றில் சிதறுகின்றன. பிறகு திருச்சியில் பென்சிலை ஊன்றி, விரற்கடை தூரம் மட்டும் இழுத்து நிறுத்துகிறாள்.

“இங்க என்ன ஊர் இருக்கு, பாருங்கோ.”

அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடுகிறார்.