பதினெட்டு வீட்டு மனு

"நன்னா அழுத்துங்கோ பாய். பாதி எழுத்து விழலை பாருங்கோ."

கோமளம் மாமி சொன்னதும் தையற்காரர் ஹபீபுர் ரஹ்மான் எழுந்து நின்று, ரப்பர் ஸ்டாம்பின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். மனுவில் அவர் கையெழுத்துக்குக் கீழே 'ரஹ்மான் லேடீஸ் டெய்லர்ஸ்' என்று ஊதா மையில் பளிச்சென்று விழுந்தது.

"கையெழுத்து மட்டும் போதாதா மாமி?"

"சர்க்கார் ஆபீஸ்ல முப்பது வருஷம் குப்பை கொட்டினவ நான். சீல் இல்லாத காயிதம் ஒரு மேஜையை விட்டு இன்னொரு மேஜைக்கு நகராது."

கோபாலபுரத்தில் அந்தத் தெருவைக் குடியிருப்புப் பகுதியிலிருந்து வணிகப் பகுதியாக மாற்றப் போவதாகப் பேப்பரில் அறிவிப்பு வந்திருந்தது. ஆட்சேபம் சொல்ல இருபத்தொரு நாள்.

மாறிவிட்டால் மாமி குடியிருக்கும் வீட்டை இடித்து ஐந்து மாடிக்குக் கடைகள் கட்டப் போவதாக வீட்டுக்காரர் சேட்டு முன்பே சொல்லிவிட்டார். இருபத்திரண்டு வருஷமாக இருக்கும் வீடு. ஒண்டிக்கட்டை, இந்த வயசில் எங்கே போய் வீடு தேடுவாள், பாவம்?

அதனால் வெயிலென்று பாராமல் வீடு வீடாக ஏறி இறங்கினாள். டாக்டர் கல்யாணராமன், டியூஷன் எடுக்கும் குல்சும் டீச்சர், எல்லாரும் மறுபேச்சில்லாமல் சீல் குத்தினார்கள். மாமியும் தன் பாட்டு கிளாஸ் சீலைத் தேடியெடுத்துக் குத்தினாள். பதினேழு வீடு முடிந்தது. பதினெட்டாவதில்தான் தடங்கல்.

"எங்கிட்ட ஏதும்மா சீலு? காலைல நாலு பேருக்கு இட்லி சுட்டுக் குடுத்துக்கினு கீறேன்," என்றாள் முத்தம்மா.

"பதினேழு பேருக்கு இருந்து உனக்கு மட்டும் இல்லேன்னா, உன் கையெழுத்து பொய்னுடுவா."

"அத்த வுடும்மா. கைநாட்டு வச்சுர்றேன்."

மாமி விடவில்லை. வேகாத வெயிலில் ராயப்பேட்டைக்கு நடந்துபோய் 'முத்தம்மா டிபன் சென்டர்' என்று ஒரு சீல் செய்து வாங்கி வந்தாள்.

முத்தம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இன்னாம்மா, எழுத்தெல்லாம் மொகத்தத் திருப்பிக்கினு கீது?"

"காயிதத்துல நேரா விழும். குத்து."

விசாரணை நாளன்று அதிகாரி மனுவை நிதானமாகப் படித்தார். ஒரு பக்கம், இரண்டு பக்கம், மூன்று பக்கம். எதிரே சேட்டுவின் வக்கீல் கனத்த ஃபைலோடு உட்கார்ந்திருந்தார்.

"தெருவுல மொத்தம் எத்தனை வீடும்மா?"

"பதினெட்டு. ஒண்ணு விடலை."

"இந்த சீல் எல்லாம் அந்தந்த வீட்டுக்காரங்களோடதுதானா?"

"சத்தியமா. நானே பக்கத்துல நின்னு போட வச்சேன்."

அதிகாரி மனுவை வக்கீலிடம் நீட்டினார். வக்கீல் மூன்று பக்கத்தையும் பார்த்தார். பிறகு தன் ஃபைலைத் திறக்காமலே நாடாவை இறுக்கிக் கட்டினார்.

"நான் சொல்ல ஒண்ணும் இல்லை சார்."

மாமிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. எத்தனை பெரிய வக்கீல், வாயைத் திறக்கவில்லையே. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அதிகாரி பேனாவைத் திறந்தார். "அந்தத் தெருவுல எத்தனை வீட்ல வியாபாரம் நடக்குதுன்னு எண்ணிட்டு வர நாளைக்கு ஆள் அனுப்பறதா இருந்தேம்மா."

"அனுப்புங்கோ சார். பேஷா அனுப்புங்கோ."

"வேணாம்மா. நீங்களே எண்ணிக் கொண்டாந்துட்டீங்க."