கழன்ற ஷின் கார்ட்

"ரோஷினி, தூங்குறியா? அந்தப் பிள்ளை எப்படி ஓடுது பாரு!" கோட்டுக்கு வெளியே நின்று ஷங்கர் மகளைப் பார்த்துக் கத்தினார். சிங்கப்பூரின் ஆங் மோ கியோ திடலில் அன்று மகளிர் கால்பந்து அணிக்கான தேர்வு ஆட்டம்.

பந்து வெளியே போனதும் நடுவர் அஃப்ரீன் ரோஷினியிடம் வந்தார். அவளுடைய இடது காலுறைக்குள், கணைக்காலைக் காக்கக் கட்டாயம் போட வேண்டிய ஷின் கார்ட் இல்லை. அது புல்லில் கிடந்தது.

"வெளிய போய்ப் போட்டுட்டு வா."

ஷங்கரின் குரல் அஃப்ரீன் பக்கம் திரும்பியது. "என்ன ரெஃப், இது மூணாவது தடவை! சின்ன விஷயம் லா! செலக்டர்ஸ் பாத்துட்டு இருக்காங்க, தெரியாதா?"

அஃப்ரீன் அவரைக் கவனிக்காமல் குரலைத் தாழ்த்தினார். "நீயே கழட்டினதைப் பாத்தேன். வேணும்னே செஞ்சா மஞ்சள் அட்டை. அப்புறம் செலக்‌ஷனை மறந்துட வேண்டியதுதான்."

"தெரியும், மிஸ்."

"பிறகு ஏன்?"

ரோஷினி ஷின் கார்டைக் குனிந்து எடுத்தாள். "நான் வெளிய நிக்கிறப்போ அப்பா உங்களைத்தான் திட்டுறாரு. அந்த ரெண்டு நிமிஷம் என்னைத் திட்டுறதில்ல."

ஷங்கர் இன்னும் கத்திக்கொண்டிருந்தார்.

மஞ்சள் அட்டைக்காகச் சட்டைப் பை வரை போன அஃப்ரீனின் கை வெறுமனே திரும்பி வந்தது.

"அவசரமில்ல," என்றார். "ரெண்டு காலையும் சரிபாத்துட்டு மெதுவா வா."